மூடிய பெட்டிக்குக் காசு கட்டும் பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் முழுசா படிச்சிடுங்க.

போன மாசம் ஓபி-யில் ஒரு அப்பா. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். பையனுக்குத் தலைவலி, ராத்திரி தூக்கமில்லை. பேச்சுவாக்கில் இன்னொன்றும் வெளியே வந்தது. அவர் போனிலிருந்து மூவாயிரத்துச் சொச்சம் போயிருக்கிறது. "சும்மா பொம்மைக் கார் ஓட்டுற கேம்தான் சார். சூதாட்டமெல்லாம் இல்ல" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிடறேன். வீடியோ கேம் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. 'கேம் ஆடினா மூளை சுருங்கும்' என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பாதீங்க. 'கேமிங் டிஸார்டர்' என்ற நோயை உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்திருப்பது உண்மை. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தப் பெயர் வைக்க, நிறுத்த முடியாத நிலை வேணும், மற்ற எல்லாத்தையும் தள்ளிட்டு ஆட்டமே முதலாவதா நிக்கணும், கெடுதல் தெரிஞ்சும் விட முடியாம இருக்கணும். படிப்பும் வீடும் கெடுகிற அளவுக்கு, பொதுவாக ஒரு வருஷமாவது. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் கார் ஓட்டுற பயலுக்கு அந்தப் பட்டத்தைக் கட்டாதீங்க.

என் சண்டை வேற இடத்தில்.

ஹாட் வீல்ஸ் தெரியும்தானே? 1968-ல் மேட்டல் கம்பெனி ஆரம்பித்த குட்டிக் கார்கள். 2021-ல் இத்தாலியின் மைல்ஸ்டோன் நிறுவனம் 'ஹாட் வீல்ஸ் அன்லீஷ்ட்' என்று ஒரு கேம் கொண்டுவந்தது. விரல் நீளக் கார், நம்ம வீட்டு மேசை மாதிரி இடங்களில் ஆரஞ்சு நிறத் தடம். நானே ஆடியிருக்கேன், நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதில் புதுக் கார் சேர்க்க ஒரு முக்கிய வழி, 'பிளைண்ட் பாக்ஸ்' என்கிற மூடிய பெட்டி. உள்ளே எந்தக் கார் என்று திறந்த பிறகுதான் தெரியும். ஏற்கெனவே இருக்கிற காரே திரும்பவும் வரலாம்.

நியாயமாகச் சொல்லணும். அந்தப் பெட்டியை நிஜக் காசு கொடுத்து வாங்க முடியாது, ஆடிச் சம்பாதிச்ச காயின்தான். 2023-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தப் பெட்டியையே எடுத்துட்டாங்க. கடையில் காரைப் பார்த்து, விலையைப் பார்த்து வாங்கலாம். பெட்டி இல்லாமலும் கேம் ஓடும் என்பதற்கு அந்த ஒரு கேமே சாட்சி.

மேலூர்ப் பையனின் போனில் இருந்தது இது இல்லை. இலவசமாக இறங்குகிற வேறொன்று. அங்கே பெட்டிக்கு நிஜக் காசு. "ஒரு செவப்புக் கார் வேணும் அங்கிள், இன்னும் வரல" என்றான். அதுதான் அவன் தூக்கம் போன காரணம்.

1950களிலேயே ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டிவிட்டார். எத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று தெரியாதபடி வைத்தால், புறா விடாமல் கொத்திக்கிட்டே இருக்கும். சூதாட்ட மெஷின் ஓடுவதும் இதே விதியில்தான். உங்க பிள்ளை திறக்கிற பெட்டியும் அதேதான்.

சதவீதத்தைச் சொல்லியாகணும் என்று ஆப்பிள் 2017-லும், கூகுள் 2019-லும் விதி போட்டன. சரி, நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்று போட்டிருக்கு. நூறு பெட்டி திறந்தா கிடைச்சிடும் என்றுதானே பிள்ளை நினைக்கும்? ஒவ்வொரு பெட்டியும் புதுக் குலுக்கல் என்றால், நூறு பெட்டி திறந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 37 பேருக்கு அது கிடைத்திருக்காது. இந்தக் கணக்கு பெரியவங்களுக்கே பிடிபடாது, பத்து வயசுப் பிள்ளைக்கு எப்படிப் பிடிபடும்?

"நாங்களும் பெட்டிக்கடையில சீட்டுக் கிழிச்சவங்கதானே" என்பீங்க. கிழிச்சோம். எப்பவாவது ஒரு பலூன் வரும். ஆனா அந்த அட்டையில் சீட்டு தீர்ந்துடும், கையில் இருந்த எட்டணாவும் தீர்ந்துடும். அண்ணாச்சிக்கு நம்ம அப்பாவைத் தெரியும், "போடா வீட்டுக்கு" என்பார். போனில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

இதே தமிழ்நாடு 2003-ல் லாட்டரியை ஒழித்தது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2022-ல் தனிச் சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. எல்லாம் ரம்மி ஆடுற பெரியவங்களை மனசில் வைத்து எழுதியவை. பொம்மை வேஷத்தில் வரும் பெட்டியைப் பற்றி அவற்றில் தனியாக ஒரு வரி இல்லை. பெல்ஜியம் 2018-லேயே காசுக்கு விற்கும் பெட்டியைச் சூதாட்டம் என்றது. ஜப்பான் 2012-லேயே, பெட்டி பெட்டியாகத் திறந்து ஒரு செட் சேர்த்தால் பெரிய பரிசு என்கிற முறையைத் தடுத்தது. பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு மூடிய பெட்டியைக் காசுக்கு விற்கக் கூடாது என்று நம்ம ஊரில் எழுத என்ன தடை? கேட்கிற ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த அப்பா கிளம்பும்போது, "அப்ப கேமை அழிச்சிடவா சார்?" என்றார். வேணாம், யூபிஐ பின்னை மாத்துங்க, ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி வைங்க என்றேன். வையாதீங்க, அடிக்காதீங்க. ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பெட்டிய எனக்கும் ஒருவாட்டி தொறந்து காட்டுடா" என்று கேளுங்க. அப்புறம் திரும்ப வாங்க, தலைவலியைப் பார்ப்போம்.