வதந்திக்கு எதற்கு ஏஐ?

"ஏஐ வந்தாச்சு. இனிமேல் எது பொய், எது மெய்யென்று தெரியாது. கூலிக்காரன் பிழைப்பும் போச்சு." கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் இந்தப் பேச்சு இப்போது சகஜம். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பயப்படுகிற இடம்தான் தப்பு.

பொய்யை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் வீடியோக்கள் பரவின. வடமாநிலத்தவரின் உழைப்பில் ஓடும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இரும்பாலைகளுக்கு இது சின்ன விஷயமா? விஷயம் பீகார் சட்டமன்றம் வரை போனது; அங்கிருந்து அதிகாரிகள் குழுவே இங்கு வந்தது. அப்போதைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார்: ஒரு வீடியோ, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது, இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் போட்ட சண்டை. இரண்டுமே நிஜ வீடியோக்கள். சாட்ஜிபிடி வெளிவந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹோலிக்கு ஊர் போகிறவர்களின் ரயில் கூட்டத்தைக்கூட 'உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்' என்று காட்டினார்கள். கதை கட்டியவர்களும் மனிதர்கள், ஃபார்வர்டு செய்தவர்களும் மனிதர்கள்.

இனி பொய் வீடியோ செய்வது மலிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று வதந்தி ஏன் அவ்வளவு சுலபமாக ஒட்டியது? பக்கத்து மிஷினில் நிற்கும் தமிழரிடம் "இது நிஜமா அண்ணா?" என்று கேட்க பீகார் பையனுக்குத் தமிழ் வராது, அந்தத் தமிழருக்கு இந்தி வராது. இன்று இருவருக்கும் நடுவே ஒரு போன் உட்கார்ந்து பேச்சை மொழிபெயர்க்க முடியும். பழிக்கப்படும் அதே தொழில்நுட்பம்தான்.

அடுத்தது வேலை. எழுதுவது, படம் போடுவது, கணக்கைத் தொகுப்பது ஆகியவை இந்த ஏஐயின் வேலைகள். ரோலிங் மில்லில் சிவக்கச் சிவக்க வரும் கம்பியைக் கிடுக்கியால் பிடிக்க அதற்குக் கையில்லை. அது முதலில் தொடப்போவது ஆபீஸ் மேஜையை: பில், மெயில், டேட்டா என்ட்ரி. அங்கே பயம் நியாயமானதே. உலைக்கு முன் நிற்பவரிடம் "நாளைக்கு வராதே" என்று சொல்கிறவர் ஒப்பந்தக்காரர். அவர் ஏஐக்கு எத்தனையோ வருடம் மூத்தவர்!

கலை செத்துவிடும் என்பவர்களுக்கு இரண்டு படங்கள் போதும். 2024இல் 'லால் சலாம்' பாடலுக்காக, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம் உருவாக்கினார்; குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். 2025 ஆகஸ்ட்டில் 'அம்பிகாபதி'யின் முடிவை ஏஐயால் மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நாயகன் தனுஷும் கொதித்தார்கள். கருவி ஒன்றே. கேட்டுச் செய்தார்களா என்பதில்தான் வித்தியாசம்.

கடைசியாக, இங்கிலீஷ் படித்தவனுக்குத்தான் ஏஐ என்கிறார்கள். இன்று எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் போனில் பேசியே கேட்கலாம். 2025இல் ஏர்டெலும் ஜியோவும் கட்டண ஏஐ சேவைகளைச் சில காலத்துக்கு இலவசமாகவே கொடுத்தன. பழக்கிவிட்டுப் பிறகு காசு கேட்பார்கள் என்பது என் சந்தேகம். தமிழில் அது இங்கிலீஷ் அளவுக்குத் தேறவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் கண்மூடி நம்பக்கூடாது.

ஆகவே சிப்காட் ஆலை நிர்வாகிகளே, பாதுகாப்பு அறிவிப்புகளை ஏஐயிடம் கொடுத்து இந்தியிலும் ஒடியாவிலும் மாற்றுங்கள். ஒட்டுவதற்கு முன் அந்த மொழிக்காரத் தொழிலாளி ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அந்த நேரத்துக்கு அவருக்குக் கூலியும் கொடுங்கள்.