கணக்கு விளையாட்டு யார் கையில்?

தாயக்கட்டையை உருட்டி நொடியில் கூட்டிச் சொல்லும் நம் காலனிப் பிள்ளைகள், கரும்பலகை முன் நின்றால் வாயடைத்துப் போகிறார்கள். தப்பானால் திட்டும் கேலியும் விழும் என்ற பயம்தான்.

2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாட்டு, விளையாட்டு வழியே கணக்கு சொல்லித்தருகிறது. கைக்கணினி விளையாட்டு இன்னொரு வழி. தப்பானால் மறுவாய்ப்பு தரும், சாதி கேட்காது.

ஆனால், வகுப்புக்கு ஒரே கருவி என்றால் அது யார் கைக்குப் போகும்? கொரோனா காலத்தில் செல்போன் இல்லாமல் பாடத்தை இழந்து நின்ற பிள்ளைகளை நாம் பார்த்தோம். அந்த நிலை திரும்பக் கூடாது.

ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கருவிகள் முதலில் வர வேண்டும். இணையம் இல்லாமலும் அவை இயங்க வேண்டும். எந்தப் பள்ளியானாலும் எல்லாப் பிள்ளைக்கும் முறைவைத்துத் தர வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை நாமே எழுந்து கேட்போம்.