வயலின் அடியில் ஒரு தளம்

வரிப்பத்தான்சேனை என்னும் பெயரிலேயே சேனை இருக்கிறது. ஆயினும் இன்று அவ்வூரையும் இறக்காமத்தையும் சூழ்ந்திருப்பவை நெல் வட்டைகளே. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதியின் நெல் வேளாண்மையை மேலும் பெருக்கிற்று. சேறாக்கிய வயலில் இறங்கியவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பர். கால் புதைந்துகொண்டே போவதில்லை. ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில் நின்றுவிடுகிறது. அங்கே நம்மைத் தாங்குவது எது?

எருமைகளை ஓட்டி மிதிப்பித்த காலம் முதல் உழவு இயந்திரக் காலம் வரை, ஆண்டுதோறும் நசுங்கி இறுகிய மண்தளம் அது. சேற்றுழவில் கலைந்த நுண்களி படிந்து மண்ணின் துளைகளை அடைக்கிறது. குளம்பும் சக்கரமும் அதன் அடியை இறுக்குகின்றன. நீர் கீழே கசிவது குறைகிறது. நெல்லுக்கோ இது நன்மையே. இலை வழியே பெற்ற காற்றைத் தண்டினுள் இருக்கும் காற்றறைகள் வேருக்கு அனுப்புவதால், நெல் நீரில் நின்றும் மூச்சுத் திணறுவதில்லை.

அதே வயலில், நீர் குறைந்த சிறுபோகத்தில் சோளம் இட்டால் கதை மாறிவிடுகிறது. சோள வேருக்கு மண்ணிடையே காற்று வேண்டும். மழை பெய்தால் நீர் தேங்கிப் பயிர் மஞ்சளிக்கும்; மழை ஓய்ந்தாலோ, வேர் தளத்தைத் துளைத்து அடியிலுள்ள ஈரத்தை எட்டமாட்டாமல் வாடும்.

ஆழ உழுது தளத்தை உடைத்துவிடலாமே என்பாரும் உளர். நெல் வயலில் அது வேண்டாத வேலை என்பதே நம் கருத்து. முறைத் தண்ணீர் பாயும் வாய்க்காலை நம்பியவர், பாய்ச்சிய நீரை அடிமண்ணுக்கு இழப்பார். சோளத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தில் உடைக்கலாம். அதுவும் மண் காய்ந்திருக்கையில்தான். ஈரமண் நொறுங்காது, கொழு அதை மெழுகிவிட்டுப் போகும்.

உழவினும் நாம் அஞ்சுவது அறுவடை இயந்திரத்தையே. ஈரவயலில் பல தொன் எடை இறங்கினால் இறுக்கம் உழவு எட்டாத ஆழத்துக்குச் செல்கிறது. சேதத்தின் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே நேர்ந்துவிடுவதால், மறுமுறையும் அதே தடத்தில் ஓட்டுவது நலம். வெள்ளாமை வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே நீரை வடித்துவிடுதல் அதனினும் நலம்.

மாணவர்கள் இதை நேரிலேயே காணலாம். மண் ஈரமாயிருக்கையில் பென்சில் பருமனான இரும்புக் கம்பியை மெல்ல அழுத்துக. அது தடைப்படும் ஆழத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் அருகில் நிற்கும் சோளப் பயிரொன்றை மண்ணோடு தோண்டி எடுங்கள். இறுக்கம் மிகுந்த இடமாயின், ஏறத்தாழ அதே ஆழத்தில் வேர் ‘ட’ எழுத்தைப் போல் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும்.