ரம்மிக்குத் தடை, ராசிபலனுக்கு மீட்டர்

கைப்பேசியில் ரம்மி விளம்பரம் ஓய்ந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவசர அவசரமாக நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, மொத்தமாக மூட்டை கட்டிவிட்டது. நல்ல காரியம். ஆனால் அதே திரையில் இப்போது, "முதல் ஐந்து நிமிடம் இலவசம்" என்று ஜோதிடர் சிரிக்கிறார். கடனில் மூழ்கியவரையும் தனிமையில் தவிப்பவரையும் காப்பாற்றத்தான் ரம்மியைத் தடை செய்தோம் என்றார்கள். அதே ஆட்கள்தான் இங்கேயும் வாடிக்கையாளர்கள். அரசுக்கு இதில் உறுத்தல் ஏதும் இல்லை. 18% ஜிஎஸ்டி ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

இந்த ஜோதிடச் செயலிகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நடைமுறை தெரியும். பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் பதிந்த பிறகுதான் உரையாடலே தொடங்கும். உள்ளே போனதும் ஜோதிடர் அதையே மறுபடி கேட்பார். "வணக்கம்மா, உங்க பேரு?" பிறகு, "ஒரு நிமிஷம், கட்டம் பாக்கறேன்." கட்டத்தைக் கணினி நொடியில் போட்டு அவர் முன்னால் வைத்துவிடுகிறது என்பது வேறு விஷயம். திரையின் ஓரத்தில் விநாடிகள் இறங்கிக்கொண்டே இருக்கும். இலவசம் முடிய அரை நிமிடம் இருக்கையில், "உங்க ஜாதகத்துல ஒரு விஷயம் இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று ஒரு வரி வரும். அத்தோடு ரீசார்ஜ் பக்கம் திறக்கும். 100 ரூபாய்க்கு வரியோடு 118 ரூபாய். ஆட்டோ மீட்டருக்குக்கூட ஒரு தர்மம் உண்டு. வீடு வந்தால் நின்றுவிடும்.

நிமிடத்துக்குக் காசு வாங்குகிறவருக்கு நல்ல செய்தி நஷ்டம். "தை மாசம் கல்யாணம் முடிஞ்சிடும்" என்பது ஒற்றை வரி. தோஷம் என்றால் அரை மணி நேரம் ஓடும். பரிகாரம் என்றால் பூஜைக் கட்டணம், ராசிக்கல், ரட்சை என்று அடுத்தடுத்த கடைகள் திறக்கும். வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடத்தில் ஓலை தேடிப் படிப்பதற்கு ஒரு கட்டணம். சாந்தி காண்டம், தீட்சை காண்டம் என்று போனால்தான் பரிகாரச் செலவு. அந்தப் பழைய ஏற்பாட்டைச் செயலிகள் கைப்பேசிக்குள் சுருக்கியிருக்கின்றன.

சரி, பலனாவது பலிக்கிறதா? இங்கே நான் வழக்கமாகச் சொல்லும் கணக்கைச் சொல்லியாக வேண்டும். சலித்துப் போனவர்கள் மன்னிக்கவும். இதற்கு நேர்மையான பதிலை இன்னும் எந்த ஜோதிடரும் எனக்குச் சொல்லவில்லை.

வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் 2008-ல் புனேயில் ஒரு சோதனை நடத்தினார். புள்ளியியல் பேராசிரியர் ஒருவரும், மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தபோல்கரும், ஜோதிடத் தொழிலை விட்டு வந்த ஒருவரும் உடன் இருந்தார்கள். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள், ஆக 200 ஜாதகங்கள் திரட்டப்பட்டன. யார் எந்த வகை என்று சொன்னால் போதும். கால அவகாசம் கொடுத்தார்கள், தபாலில் அனுப்பினார்கள், நெருக்கடி எதுவும் கிடையாது. 51 ஜோதிடர்கள் முன்வந்தார்கள். ஆளுக்கு 40 ஜாதகங்கள் போயின. விடையைத் திருப்பி அனுப்பியவர்கள் 27 பேர். மற்றவர்களுக்கு என்ன கிரகம் குறுக்கே வந்ததோ! பதில் அனுப்பியவர்களில் முதலிடம் பிடித்தவர் நாற்பதுக்கு 24 சரியாகச் சொன்னார். சராசரி 46%. ஒரு ஜோதிட நிறுவனம் 200 ஜாதகங்களையும் மொத்தமாக வாங்கிப் பார்த்து 102-ஐச் சரியாகச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டினால் பாதி சரியாக வரும். அதற்கு ரீசார்ஜ் தேவையில்லை.

இந்த முடிவு 2009-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. தபோல்கரை 2013 ஆகஸ்டில் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொன்றார்கள்.

இந்தச் சோதனை முடிவை ரம்மியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே தீர்ப்பளித்துவிட்டது. திறமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்ற ஆட்டத்துக்குத் தடை. சோதித்துப் பார்த்ததில் நாணயத்தைத் தாண்டாத தொழிலுக்கோ ராஜமரியாதை! பல்கலைக்கழகங்களில் ஜோதிடப் படிப்பு நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் அனுமதித்தது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ம் ஆண்டுச் சட்டத்துக்குள் ஜோதிடம் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வாதாடியது மத்திய அரசே. 2021-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜோதிடத்தில் முதுகலையே தொடங்கிவிட்டது.

முதுகலை இருக்கட்டும், சனி எப்போது பெயர்ந்தார் என்பதிலாவது ஒற்றுமை உண்டா? திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பலன் சொன்னார்கள். திருநள்ளாறு கோயில் நிர்வாகமோ, தாங்கள் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி 2026-ல்தான் பெயர்ச்சி என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே கிரகம், இரண்டு தேதி, நடுவில் ஏறத்தாழ ஒரு வருடம். ஏழரை தொடங்கியதா இல்லையா என்று தெரியாத பக்தர் இரண்டுக்கும் அர்ச்சனைச் சீட்டு வாங்கினார்.

"மனசுக்கு ஆறுதல் கிடைக்குதே, உனக்கென்ன போச்சு?" என்று கேட்பார்கள். ரம்மி ஆடியவரும் அதையேதான் சொன்னார். பாரம்பரியம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எந்தப் பாட்டன் காலத்தில் நிமிடக் கட்டணம் இருந்தது? ஊர் ஜோசியர் வெற்றிலை பாக்கோடு தட்சணை வாங்கினார், இஷ்டப்பட்டதைக் கொடுத்தோம். பலிக்கவில்லை என்றால் மறுநாள் கடைத்தெருவில் பிடித்துக் கேட்கவும் முடிந்தது. மருத்துவரும்தான் தவறுகிறார் என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் எழுதித் தாளை வீணாக்க விருப்பமில்லை.

சட்டம் தூங்குகிறது என்றும் சொல்ல முடியாது. ஆள் பார்த்து விழிக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் கடலூர் தொகுதி பாமக வேட்பாளர் தங்கர் பச்சான் ஒரு கிளி ஜோதிடரிடம் பலன் கேட்டார். கிளி சாமி படச் சீட்டை எடுத்துக் கொடுத்தது. வெற்றி உறுதி என்றார் ஜோதிடர். காட்சி பரவியதும் வனத்துறை வந்தது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிக் கிளிகளைப் பறிமுதல் செய்து, ஜோதிடரையும் பிடித்துப் போனார்கள். கடலூரில் ஜெயித்தது காங்கிரஸ். பிடிபட்டது கிளிக்காக, பொய்ப் பலனுக்காக அல்ல. கூண்டும் சீட்டுக்கட்டுமாக மரத்தடியில் உட்கார்ந்து பத்து இருபது சம்பாதித்தவருக்கு ஒரு சட்டம். கிளி இல்லாமல் கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கோ மரியாதை.

மொத்தத் தடைக்கு முன்பே, தமிழகத்தில் 2025-ல் வந்த விதிகளின்படி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாரும் நுழைய முடியாதபடி இருந்தது. ஆதார் சரிபார்ப்பும் கட்டாயமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் இதைச் செல்லும் என்றது. பிரிந்துபோன கணவனை நினைத்து இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்த பெண்ணுக்கு ஜோதிடர் பெயரின் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருக்கிறதே, அந்த நேரத்துக்கு ஏன் பூட்டு இல்லை? தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அவசரப்படுத்தி வாங்க வைக்கும் உத்திகளுக்கு 2023-லேயே வழிகாட்டுதல் வந்தாயிற்று. இவற்றை எடுத்து வீசினாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஒரே வரியில் அரசாணை போதும்: பலன் சொல்ல நிமிடக் கட்டணம் கூடாது, பலன் சொன்னவர் பரிகாரம் விற்கக் கூடாது. அந்த இரண்டையும் பிடுங்கிவிட்டால் இந்தத் தொழில் ஆறு மாதம் தாங்காது. தாங்காமல் போகட்டும்.