ஒரு காப்பி போணியாச்சு!

எங்கிட்டே ஒரு நோட்டு இருக்கு ஸார். எண்பது பக்க நோட்டு. அட்டையில் 'தொழில்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கேன். நாலு வருஷமா அதில் எழுதுறதுதான் என் தொழில்!

காரைக்காலில் ஒரு தனியார் ஆபீஸில் குமாஸ்தா நான். வீடு கருக்களாச்சேரி. அப்பா பைபர் போட்டில் கடலுக்குப் போனவர். அம்மா இன்னிக்கும் மீன் கூடை தூக்குகிறாள். எனக்குத் தோன்றிய தொழில்... கருவாடு.

சிரிக்காதீங்க. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும், கருவாட்டை ஆளாளுக்குத் தேடுவாங்க. ஆனா வாங்குற நெத்திலியில் பாதி மணல்! தரையில் காயப்போட்டா வேறென்ன ஒட்டும்? கம்பு நட்டு, பழைய வலையைப் பரண் மாதிரி இழுத்துக் கட்டி, அது மேலே காயவைத்தால் அடியிலும் காற்றுப் போகும், சீக்கிரம் காயும், மணல் கிடையாது. தலை கிள்ளி, நூறு நூறு கிராமா பாக்கெட் போட்டால் முடிஞ்சுது.

நோட்டில் லாபக் கணக்கு அரைப் பக்கம். நஷ்டக் கணக்கு பதினோரு பக்கம்! மழை வந்தா? பூனை வந்தா? வாங்கினவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தா?

ஒருநாள் மனைவி நோட்டைப் புரட்டினாள்.

"ஏங்க, எல்லாமே போச்சுன்னு வச்சுக்குங்க. மொத்தம் எவ்வளவு போகும்?"

கூட்டினேன். நாலாயிரம் ரூபாய்.

"என் தம்பி கல்யாணத்துக்கு நீங்க அதைவிட அதிகமா மொய் எழுதினீங்க!"

பயம் பணத்துக்கில்லைன்னு அப்பத்தான் எனக்கே உறைச்சுது. "என்ன கருவாட்டு முதலாளி, கடையை எப்ப சாத்தினீங்க?" என்று ஆபீஸில் நாலு பேர் கேட்பாங்களே... அந்தக் கேள்விக்குத்தான் நாலு வருஷம்.

அந்தச் சமயத்தில்தான் பாட்ரிசியா நாராயண் கதையைப் படிச்சேன். அப்பா, அம்மா இரண்டு பேருமே அரசாங்க உத்தியோகம். குடும்பத்தில் வியாபாரம் பார்த்தவங்க யாரும் கிடையாது. காதல் கல்யாணம் கசந்துபோய், இரண்டு குழந்தைகளோடு பிறந்த வீடு திரும்பினவர். ஊறுகாய், ஜாம் போட்டு விற்றுப் பார்த்துவிட்டு, 1982-ல் சென்னை மெரினாவில் ஒரு தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று என்ன விற்றார் தெரியுமோ? ஒரே ஒரு காப்பி. 50 பைசா!

வீட்டுக்கு வந்து அழுதிருக்கார். ஒண்ணாவது வித்துதே, நாளைக்கு நல்லா இருக்கும் என்று தேற்றியிருக்கார் அவருடைய அம்மா. மறுநாள் 600, 700 ரூபாய்க்கு வியாபாரம். அப்புறம் கான்டீன்கள், ரெஸ்டாரன்ட்டுகள், 2010-ல் 'ஃபிக்கி' கொடுத்த விருது...

விருதெல்லாம் சரி. எனக்கு அந்த ரெண்டாவது நாள் மத்தியானம்தான் மனசில் நின்னுது. முதல் நாள் அத்தனை பேர் பார்க்க ஈயோட்டிய அதே மணலுக்கு, மறுபடி வண்டியைத் தள்ளிக்கிட்டு வர எப்படிக் கால் வந்திருக்கும்? விருது வாங்கின கதையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அந்த மத்தியானத்தைப் பத்தி யாராவது ஒரு பக்கம் எழுதினா, நான் காசு கொடுத்து வாங்குவேன்.

அம்மாவிடம் கதையைச் சொன்னேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி கேட்டாள்:

"காப்பி குடிச்சவன் காசு கொடுத்தானா?"

"கொடுத்தான்."

"அப்புறம் எதுக்கு அந்தப் பொண்ணு அழுதுச்சு? அதான் போணியாயிடுச்சே!"

"ஏம்மா, விக்காம நீ திரும்பினதே இல்லியா?"

"வித்தா காசு, விக்காட்டி உப்பு. நாலு வருஷமா எழுதுறியே தம்பி, அந்தக் கருவாடெல்லாம் வேற எங்கேருந்து வருதுன்னு நெனச்சே?"

போன மாசம் அப்பா கம்பு நட்டுக் கொடுத்தார். நெத்திலி பத்துக் கிலோ. குடும்பமே ஷிப்ட் போட்டுக் காக்கா விரட்டியது. காய்ந்து எடுத்தால் இரண்டரைக் கிலோகூடத் தேறலை! பதினோரு பக்க நஷ்டக் கணக்கில் இது மட்டும் எனக்குத் தோணவே இல்லை, பாருங்க!

இருபத்துநாலு பாக்கெட். பையை ஆபீஸ் மேஜைக்கடியில் வச்சுக்கிட்டுச் சாயங்காலம் நாலு மணி வரை வாயே திறக்கலை. நான் சொல்லாட்டி என்ன? வாசனை சொல்லிடுச்சு. பக்கத்து சீட்காரர் "என்ன, முதலாளி ஆயிட்டீங்களா?" என்றார். நாலு வருஷமா பயந்த கேள்வி, அரை நிமிஷத்தில் முடிஞ்சுபோச்சு. அவர் பாட்டுக்கு ஃபைலைப் பார்க்கக் குனிஞ்சுட்டார். ஹெட் கிளார்க் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே எழுந்து வந்து, ஒரு பாக்கெட்டை எடுத்துக்கிட்டார்.

வாசலிலேயே நின்றிருந்தாள் அம்மா. "போணியாச்சா?"

"ஒரு பாக்கெட்!"

"காசு?"

"ஒண்ணாந்தேதி தர்றேன்னார்..."

அம்மா ஒண்ணும் பேசலை. உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"பக்கம் மிச்சம் இருக்கில்ல? அவரு பேரை எழுது."