நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் நடைபாதையில் எமனை நிறுத்தலாமா?

சென்னை, போர்டு செய்கிற பட்டறை ஒன்று. வாசலில் அண்ணாச்சி ஒருவர் அவசரத்தோடு நிற்கிறார். புது மளிகைக் கடை. இரண்டு நாளில் திறப்பு விழா.

"நாலடி உயரம், மூணடி அகலம். நடைபாதையிலே நிறுத்துற மாதிரி போர்டு வேணும். தூரத்திலே வரும்போதே பளிச்சின்னு தெரியணும். ரேட்டு மட்டும் பார்த்துப் போடு!"

"பிளெக்ஸ்னா நாளைக்கே ரெடி அண்ணாச்சி. இரும்புத் தகடுன்னா நாலு நாள் ஆவும். காசும் கூட ஆவும்."

"அப்ப பிளெக்ஸே அடிச்சுடு!"

பேரம் முடிந்தது. "காத்தடிச்சா நிக்குமா?" என்று ஒரு வார்த்தை அண்ணாச்சியும் கேட்கவில்லை. பட்டறைக்காரரும் சொல்லவில்லை. நகரம் முழுக்க இதே கதைதான். பளபளப்பு பார்க்கிறார்கள், விலை பார்க்கிறார்கள். நிற்குமா, விழுமா என்று பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிசயம்!

மறக்கக் கூடாத நாள்

2019-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி. பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார் 23 வயது இளம் பெண் என்ஜினீயர். சாலை நடுவில் கட்டியிருந்த பேனர் காற்றில் பிய்ந்து அவர் மேல் விழுந்தது. நிலை தடுமாறிக் கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த லாரி ஏறியது. ஒரு குடும்பத்தின் நம்பிக்கை ரோட்டிலேயே முடிந்துபோனது.

2024-ம் ஆண்டு மே 13-ந் தேதி மும்பை காட்கோபரில் இன்னொரு கொடுமை. புழுதிக் காற்று அடித்தது. 120 அடிக்கு 120 அடி ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்தது. 17 உயிர்கள் பலி!

"அதெல்லாம் பெரிய பெரிய பேனர். நம்ம போர்டு சின்னதுதானே?" என்று அண்ணாச்சி கேட்கலாம். காற்றுக்குப் பெரிசு, சின்னது தெரியாது. சின்னப் போர்டு பறந்து பைக்கில் வருகிறவர் முகத்தில் அடித்தால் போதும். பின்னால் பஸ் வருகிறதே!

காற்று போடும் கணக்கு

இது கண்கட்டு வித்தை அல்ல. சாதாரணக் கணக்குதான்.

கோடை மழைக்கு முன்னால் திடீரென்று ஒரு காற்று வீசுமே, அது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கு மூன்று அடிப் போர்டை அது சுமார் 15 கிலோ பலத்தோடு தள்ளும். கூடாரம் மாதிரி விரித்து வைக்கிற போர்டுக்கு முன்கால், பின்கால் இடைவெளி இரண்டு அடி என்றால், அது கவிழாமல் நிற்க 30 கிலோ எடை வேண்டும்.

மரச்சட்டத்தில் பிளெக்ஸ் அடித்த போர்டு எவ்வளவு எடை இருக்கும்? ஒரு கையால் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போகலாம். அது எப்படி நிற்கும்? பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிக்கொண்டு பறக்கத்தான் செய்யும்!

இன்னொரு விஷயம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நாலு மடங்காகும். மணிக்கு 108 கிலோமீட்டரில் அதே போர்டின் மேல் 60 கிலோ பலம் விழும். 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைச் சூறையாடியபோது நூறு கிலோமீட்டருக்கு மேல்தான் காற்று வீசியது. அந்தக் காற்றுக்கு இரும்புப் போர்டும் தாங்காது. புயல் எச்சரிக்கை வந்தால் எந்தப் போர்டானாலும் கடைக்குள்ளே போக வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

எதில் செய்வது?

இரும்புத் தகடுதான் முதல் மரியாதைக்கு உரியது. துத்தநாகம் பூசிய 18 கேஜ் தகட்டில் இரண்டு பக்கம், ஒரு அங்குல ஆங்கிள் சட்டம் போட்டால் எடை தானாகவே 30 கிலோவைத் தொட்டுவிடும். அடியில் குறுக்குக் கம்பி போட்டு அதன் மேல் மணல் மூட்டை ஒன்று வைத்தால் இன்னும் பத்து, இருபது கிலோ கூடும். எடை கீழே இருக்க இருக்கப் போர்டு அசையாது.

ஆனால் சென்னை கடற்கரை ஊர். திருவொற்றியூரானாலும் திருவான்மியூரானாலும் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு கருகிவிடும். அங்கேதான் துரு முதலில் பிடிக்கும். அந்த இடங்களில் துத்தநாகப் பெயிண்ட் அடித்து, அதன் பிறகு மேல் பெயிண்ட் அடிக்கச் சொல்ல வேண்டும். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று சொல்கிற பட்டறையை விட்டு அடுத்த பட்டறைக்கு நடையைக் கட்டலாம்.

அலுமினியம் துருப்பிடிக்காது. ஆனால் எடை கிடையாது. அடியில் பாரம் வைத்தே தீரவேண்டும். அதிலே இரும்பு ஸ்குரு போட்டால் உப்புக் காற்றில் ஸ்குரு இருக்கும் இடம் அரித்துப் போகும். எவர்சில்வர் ஸ்குரு கேட்டு வாங்குவதே நல்லது.

ஏ.சி.பி. ஷீட் பார்க்க ஜோராக இருக்கும். இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக். சுவரில் பதிக்கலாம். ரோட்டில் தனியாக நிறுத்தினால் அதற்கும் இரும்புச் சட்டம் வேண்டும்.

சாதாரண பிளைவுட் முதல் மழையிலேயே உப்பிவிடும். மரம்தான் வேண்டும் என்றால் மெரைன் பிளை. அதிலும் வெட்டிய ஓரங்களைப் பெயிண்டால் அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். போம் போர்டு வெயிலில் வளையும். அது கடைக்குள் தொங்கவிடத்தான் லாயக்கு.

பிளெக்ஸ்? அது பிளாஸ்டிக் பூசிய துணி. வெயிலில் வெளுக்கும், காற்றில் கிழியும், கிழிந்த பிறகு மக்காமல் சாக்கடையை அடைக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றுகிற செலவைக் கூட்டிப் பார்த்தால் மலிவு எது, இரும்பு எது என்று புரியும்.

நடப்பவன் எங்கே போவான்?

நல்ல போர்டு செய்தால் மட்டும் போதுமா? வைக்கிற இடம் யாருடையது? நடைபாதை நடப்பவனுடையது. மாநகராட்சி அனுமதி இல்லாமல் அதில் எதை நிறுத்தினாலும் ஆக்கிரமிப்புதான்.

நடைபாதையில் தடங்கல் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி, வேண்டும் என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸ். சென்னையில் எத்தனை தெருவில் அந்த ஆறடி இருக்கிறது? இருக்கிற மூன்றடியில் டிரான்ஸ்பார்மர், மரம், பைக். மிச்சத்தில் அண்ணாச்சியின் போர்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும், கைத்தடி ஊன்றிய பெரியவரும் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

கண் தெரியாதவர்கள் நிலைமை இன்னும் பரிதாபம். வெள்ளைத் தடி தரையைத் தட்டிக்கொண்டு வரும். இரண்டு கால் மேல் நிற்கும் போர்டின் அடியில் தடி உள்ளே போய்விடும். விளிம்பு நேராக நெற்றியில் இடிக்கும். தரையை ஒட்டி ஒரு குறுக்குக் கம்பி, முனைகளை உருட்டிவிடுவது, இரண்டு காலும் விரியாமல் நடுவே சங்கிலி. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு நாள் டீச்செலவு. ஒருவர் நெற்றியைக் காப்பாற்றும்!

ராத்திரி வெளிச்சத்துக்கு என்று கடையிலிருந்து நடைபாதை குறுக்கே ஒயர் இழுப்பதும் நடக்கிறது. மழைத் தண்ணீர், பிய்ந்த ஒயர், இரும்புப் போர்டு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அண்ணாச்சி யோசிக்கட்டும்

சின்ன வியாபாரிக்குப் போர்டு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பெரிய கடைக்காரர் டி.வி.யில் விளம்பரம் கொடுப்பார். சந்துக்குள் இருக்கிற மளிகைக் கடைக்கு இந்தப் போர்டுதான் வாய். அதை மூடச் சொல்வது நியாயம் இல்லை.

ஆனால் இடம் இருந்தால் தன் வாசற்படிக்குள் வைக்கலாம். ஆறடி மிச்சம் இல்லாத தெருவில் சுவரில் பதித்துவிடலாம். எழுத்தைப் பெரிதாக, நாலே வார்த்தையில் எழுதினால் சின்னப் போர்டும் தூரத்தில் தெரியும். போர்டு முழுக்கச் சாமான் பட்டியல் எழுதினால் பெரிய போர்டும் தெரியாது.

பட்டறையில் அட்வான்ஸ் கொடுக்கும்முன் அண்ணாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "காத்தடிச்சா இது நிக்குமா தம்பி?"

கடைப் பெயரைத் தாங்கிய பலகை அது. நாளைக்கு ஒரு உயிர் போனால், பேப்பரில் வருவதும் அதே கடைப் பெயர்தான்!