வெல்டரின் கண்ணுக்கும் விலை போடுங்கள்

வெல்டிங் என்றால் கண்ணைக் கொடுத்துச் செய்யும் வேலை என்று நாம் பழகிவிட்டோம். அப்படி இருக்கத் தேவையில்லை என்பதை நான் கண்கூடாகப் பார்த்தது ஹூஸ்டனில், கறி வேகவைக்கப் புகையடுப்பு ஒன்று செய்யப் போனபோது.

டெக்ஸாஸில் பலர் இந்த அடுப்பைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். படுத்த வாக்கில் ஓர் இரும்பு உருளை. ஒரு பக்கம் விறகு எரியும் பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி. நெருப்பு கறியைத் தொடாது. சூடும் ஓக் மரப் புகையும் மட்டும் அதைக் கடந்துபோகும். பிரிஸ்கெட் எனும் மாட்டு நெஞ்சுக்கறி 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வெந்தால்தான் அதன் கெட்டித் தசைநார் இளகும். பெட்டியின் மூட்டில் இடைவெளி இருந்தால் காற்று புகுந்து, தீ நம் கட்டுப்பாட்டில் நிற்காது. அதனால் பற்றவைப்பு சரியாக இருக்க வேண்டும்.

நான் திருச்சியை அடுத்த துவாக்குடியில் வளர்ந்த மெக்கானிக்கல் எஞ்சினியர். கல்லூரிப் பட்டறையில் இரண்டு தகடுகளை ஒட்டிக்காட்டியதோடு சரி. ஹூஸ்டனில் அதற்கென மாலை வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித்தந்தவர் எண்ணெய்க் குழாய்களில் ஆயுசு முழுக்க வெல்டிங் செய்து ஓய்வுபெற்றவர். முதல் வகுப்பில் வெல்டிங் ராடைத் தொடவே விடவில்லை. எதையெல்லாம் செய்யக் கூடாது என்றுதான் பாடம் நடந்தது. பழைய கேஸ் தொட்டியை அறுக்காதே, காலியாகத் தெரிந்தாலும் உள்ளே தங்கிய வாயு வெடிக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் ஆர்க் எனும் மின்வில்லை வைக்காதே, துத்தநாகப் புகையால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். 10-ஆம் எண் கண்ணாடி போட்ட ஹெல்மெட், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை இல்லாமல் உள்ளே வராதே. ஆகவே பழைய தொட்டியை அடுப்பின் உருளையாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, கால் அங்குலத் தடிமன் கொண்ட புதுக் குழாய் வாங்கினேன்.

பிறகுதான் வேலை. கரன்ட் கூடினால் தகடு ஓட்டையாகும், குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். சீராகப் பொரியும் சத்தம் வந்தால் ஆர்க் நீளம் சரி. அதை அவர் முதுகைத் திருப்பி நின்றபடியே சொல்லிவிடுவார். கசடைத் தட்டி எடுத்ததும் கீழே ஒரே அளவில் அடுக்கடுக்காகப் படிந்த கோடு தெரிந்தபோது, பட்டம் வாங்கிய நாளில்கூட வராத மகிழ்ச்சி வந்தது.

அப்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன்களைத்தான் நினைத்தேன். என் கைக்கு மாதக்கணக்கில் படியாத கோட்டை, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, சில சமயம் முகத்தைத் திருப்பிக்கொண்டே போடுகிறவர்கள். அந்தக் கண்ணாடி ஆர்க் ஒளிக்குப் போதாது. புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டுவிடும். வலி சில மணி நேரம் கழித்து, நடு இரவில்தான் தெரியும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களுக்கும் மறைப்பு கிடையாது. வெல்டிங்கில் எழும் புகையும் புற ஊதாக் கதிரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்திவிட்டது.

அறிவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமே திருச்சியில்தான் இருக்கிறது. கொதிகலன் பற்றவைப்பைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்கும் அதே ஊரில், தெருவோரம் ஜன்னல் கம்பி ஒட்டுகிறவருக்கு ஒரு ஹெல்மெட் இல்லை. தொழிலாளர் நல வாரியங்கள் இதைக் கொடுக்கலாம். பாலிடெக்னிக்குகள் மாலை வேளையில் பட்டறைக்காரர்களுக்குக் கதவைத் திறக்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை கேட்டோ கிரில்லோ செய்யக் கொடுக்கும்போது, எஸ்டிமேட்டில் ஹெல்மெட்டையும் கையுறையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அந்தப் பணத்தை நீங்களே கொடுங்கள்.